ஹிட்லர் என்னும் அளவுகோல்

தம் காலத்து ஆட்சியாளன் ஒருவனை, வரலாறு ஏற்கெனவே தீர்ப்பிட்டுவிட்ட கொடுங்கோலன் ஒருவனோடு ஒப்பிட்டுப் பேசுவது அரசியல் வாதங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். முற்காலத்தில் பார்வோனும் நீரோவும் இவ்வாறு பயன்பட்டனர். 1945க்குப் பின் அவ்விடம் ஹிட்லருக்கு உரியதாயிற்று. நம் பிரசங்க பீடங்களும் இவ்வழக்கத்திற்கு விலக்கல்ல. ஆகவே, இவ்வொப்புமையை முன்னிட்டுத் திருச்சபைக்குள்ளேயே எழுந்த ஒரு பெரும் வாதத்தை நினைவுகூர்வது திருப்பணியாளர்க்கும் இறையியல் மாணாக்கர்க்கும் பயன் தரும் என எண்ணுகிறோம்.

பார்த்தும் புருன்னரும்

ஹிட்லரின் ஆட்சியைத் திருச்சபையின் பெயரால் எதிர்த்தோருள் கார்ல் பார்த் முதன்மையானவர். 1934 மே மாத இறுதியில் வெளிவந்த பார்மன் அறிக்கையைப் பெரும்பாலும் வரைந்தவர் அவரே. ஹிட்லருக்கு நிபந்தனையற்ற விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்தவர், 1935இல் பான் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, தம் பிறப்பிடமாகிய பாசல் நகருக்குத் திரும்பினார். 1938 செப்டம்பரில், செக்கோஸ்லோவாக்கியாவை ஹிட்லர் அச்சுறுத்திய வேளையில், பிராகு நகர இறையியலார் ஜோசப் ஹ்ரோமாட்காவுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். எதிர்த்து நிற்கும் செக் வீரன் ஒவ்வொருவனும் இயேசு கிறிஸ்துவின் சபைக்காகவும் போரிடுகிறான் என்பது அதன் கருத்து.

பத்தாண்டுகள் கழிந்தன. ஹங்கேரியில் பொதுவுடைமையரின் ஆட்சி வேரூன்றி வந்த 1948ஆம் ஆண்டில் பார்த் அந்நாட்டிற்குச் சென்று வந்தார். ஆனால், ஹிட்லருக்கு எதிராக எழுப்பிய குரலை அவர் அங்கு எழுப்பவில்லை. சூரிச் நகர இறையியலார் எமில் புருன்னர் இதைக் கண்டு வியப்புற்று, திறந்த மடல் ஒன்றின் வாயிலாக அவரை வினவினார். மனிதனை முழுமையாகத் தனக்கு உடைமையாக்கும் அரசு, எந்நிறக் கொடியை ஏந்தினாலும், இயல்பிலேயே இறைமறுப்பும் அநீதியும் உடையதன்றோ? அன்று எதிர்த்தவர் இன்று வாளாவிருப்பது ஏன்?

பார்த்தின் மறுமொழி ஆழ்ந்து நோக்கத்தக்கது. திருச்சபை கொள்கைகளுக்குப் பொதுத் தீர்ப்பு வழங்கும் மன்றமன்று. அந்தந்த நேரத்து நிகழ்ச்சியை இறைவார்த்தையின் ஒளியில் புதிதாக ஆராய்வதே அதன் கடமை என்றார். நாஜியம் சபைக்குள்ளேயே புகுந்து, கிறிஸ்தவ உடை தரித்து, விசுவாசிகளை மயக்கிய சோதனை. மேலைநாட்டுக் கிறிஸ்தவரைப் பொதுவுடைமை அவ்வாறு மயக்கவில்லை. அதைக் கண்டிப்பது அங்கே செய்தித்தாள்கள் நாள்தோறும் செய்யும் வேலை. எவரும் துணிவின்றிச் சொல்லக்கூடிய ஒன்றைத் திருச்சபையும் திருப்பிச் சொல்வது சாட்சியாகாது என்பது அவர் கருத்து.

ஒரே வாரத்தின் இரு படையெடுப்புகள்

1956ஆம் ஆண்டு இவ்வாதத்தைக் கூர்மையாக்கியது. ஜூலை 26ஆம் நாள் எகிப்தின் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டிஷ் பிரதமர் அந்தோணி ஈடன் அவரிடத்தில் முசோலினியைக் கண்டார். முசோலினியோடு இணங்கிப் போவது குறித்த கருத்து வேற்றுமையால் 1938இல் அமைச்சர் பதவியைத் துறந்தவர் அவர். பழைய பாடத்தைத் தாம் மறக்கவில்லை என்றே கருதினார். எதிர்க்கட்சித் தலைவர் ஹியூ கெயிட்ஸ்கெல்லும் நாடாளுமன்றத்தில் முசோலினியையும் ஹிட்லரையும் நினைவூட்டினார்; எனினும் படையெடுப்பை அவர் வன்மையாக எதிர்த்தார். ஓர் ஒப்புமையிலிருந்து இருவரும் இருவேறு முடிவுகளுக்கு வந்தனர் என்பதைக் கவனிக்க. நவம்பர் 5ஆம் நாள் பிரிட்டிஷ், பிரெஞ்சு வான்குடைப் படையினர் எகிப்தில் இறங்கினர். அதற்கு முந்திய நாள் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட் நகருக்குள் புகுந்திருந்தன. அங்கு எழுந்த மக்களுக்குச் சோவியத் தரப்பு சூட்டிய பெயரும் பாசிஸ்டுகள் என்பதே. ஒடுக்குவோரும் இவ்வொப்புமையைக் கையாள்வர் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

பார்த் ஹங்கேரியைக் குறித்து ஏன் பேசவில்லை என்று அமெரிக்க இறையியலார் ரைன்ஹோல்ட் நீபுர் 1957 ஜனவரியில் வினவினார். பார்த் அப்போது வெளிப்படையாக விடையளிக்கவில்லை. ஒப்புமையை அவர் மறுத்தது சரியே; ஆயினும் ஒப்புமையை மறுத்தவர், ஒடுக்கப்பட்டவரின் பெயரைச் சொல்லும் கடமையினின்று விடுபடுவதில்லை. அவர் 1938இல் கடிதம் எழுதிய அதே ஹ்ரோமாட்கா, 1956இல் சோவியத் தலையீட்டை நியாயப்படுத்தினார். 1968 ஆகஸ்டில் டாங்கிகள் தம் நாட்டுக்குள் வந்தபோதோ, சோவியத் தூதருக்குக் கண்டனம் எழுதினார். மறு ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். அயலார் நாட்டில் காணாததைத் தம் நாட்டில் கண்ட அவரை எளிதில் பழிப்பதற்கு நம்மில் எவருக்கும் உரிமையில்லை.

நாம் கற்பது

புருன்னர் அநீதிக்கு உட்பட்டோரை மறக்கவில்லை. பார்த் தம் சபையின் சோதனையை மறக்கவில்லை. இவ்விரு நினைவும் ஒருங்கே வேண்டும். தாவீதிடம் நாத்தான் உரைத்த உவமையும் ஓர் ஒப்புமையே. ஆனால் அது கேட்டவனின் சினத்தை அயலான்மேல் நிறுத்திவிடாமல், அவன் தன் குற்றத்தையே காணுமாறு திருப்பியது. ஆட்சியாளனை ஹிட்லர் என்று அழைக்குமுன், அவன் செய்தது இன்னது, அதனால் துன்புற்றவர் இன்னார் என்று பிரசங்கியார் சொல்லக் கடவர். அவற்றைச் சொல்ல இயலுமாயின் அப்பெயர் பெரும்பாலும் தேவைப்படாது. ஜெர்மானியச் சபை அன்று எவ்வாறு மயங்கிற்று என்பதை ஆராய்ந்து, அம்மயக்கம் நம் சபையில் எவ்வுருவில் இருக்கிறதென்று கேட்போமாயின், ஹிட்லரின் பெயர் நம் பீடங்களில் தகுதியான பயனைப் பெற்றதாகும்.