காயலான் கடைக்குப் போகாத வண்டிகள்

மலர்க் குழு நண்பர்கள், "ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் குடுங்க" என்றார்கள். நான் எழுத வந்திருப்பது சில பழைய வண்டிகளின் வரலாறு. டெக்னிக்கலும் கொஞ்சம் உண்டு, பயப்படாதீங்க!

2017ல் வேலை நிமித்தமாக அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகரில் ஓராண்டு தங்கியிருந்தேன். எண்ணெய் ஆலைகள் நிறைந்த ஊர். எதிர்வீட்டுப் பெரியவர் அப்படி ஓர் ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய பிக்-அப் வண்டி வாசலில் துருப்பிடித்து நின்றது. ஒரு சனிக்கிழமை காலை, அதன் கதவில் டிரில் போட்டுக் கொண்டிருந்தார். "ரிப்பேரா?" என்று கேட்டேன். "இல்லை, மீன் செய்யறேன்" என்றார்.

மனுஷனுக்கு என்ன ஆச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் இதற்கென்று ஒரு பரம்பரையே இருக்கிறது.

அதன் வேர் ஒரு தபால்காரர். ஜெஃப் மெக்கிஸ்ஸாக் என்று பெயர். இளமையில் லாரியில் ஆரஞ்சுப் பழம் ஏற்றிச் சென்றவர். ஆரஞ்சுதான் உலகிலேயே உத்தமமான உணவு என்பது அவர் கொள்கை. 1956 முதல் 1979 வரை, உதவிக்கு ஆள் இல்லாமல், பழைய செங்கல், ஓடு, வண்டிச் சக்கரம், டிராக்டர் இருக்கை என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்து 'ஆரஞ்சு ஷோ' என்ற விசித்திரக் கட்டடத்தை எழுப்பினார். ஊரே திரண்டு வரும் என்று நம்பினார். வரவில்லை. 1980ல் காலமானார்.

அதை இடிந்து போக விடாமல் கலை ஆர்வலர்கள் சிலர் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். 1984ல் அதற்கு நிதி திரட்டுவதற்காக ஜாக்கி ஹாரிஸ் என்ற கலைஞர், 1967ஆம் வருட ஃபோர்டு கார் ஒன்றின் மேல் பிளாஸ்டிக் பழங்களை ஒட்டி, 'ஃப்ரூட்மொபைல்' ஆக்கினார். அந்தப் பழக்கூடை தெருவில் ஓடியதைப் பார்த்துப் பலருக்கும் கை துறுதுறுத்தது. 1988ல் சுமார் 40 வண்டிகளோடு முதல் ஊர்வலம் நடந்தது. பின்னாளில் அது 200க்கும் மேற்பட்ட வண்டிகள் வரும் திருவிழாவாக வளர்ந்தது. 1992ல் ஹாரட் பிளாங்க் எடுத்த 'வைல்ட் வீல்ஸ்' என்ற ஆவணப்படம் இந்த வண்டிகளை ஊரெல்லாம் அறிய வைத்தது.

சரி, எதிர்வீட்டு மீனுக்கு வருவோம். பிக்-அப்பில் ஒரு வசதி உண்டு. அடிச்சட்டம் தனி, பின்தொட்டி தனி. தொட்டி போல்ட் போட்டு மாட்டியது. அதில் சட்டம் வெல்டு செய்து வாலை எழுப்பலாம். பாரம் தாங்கவே பிறந்த வண்டி என்பதால் ஸ்பிரிங்கும் முனகாது. செதில்களைப் பழைய தகரத்தில் வெட்டினார். முதலில் கல் போல இறுகும் பசையால் ஒட்டினோம். டெக்சாஸ் வெயிலில் ஒரு வாரத்தில் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டன. இரும்பு சூட்டில் விரிகிறது, இறுகிய பசை அதற்கு வளைந்து கொடுக்க மறுக்கிறது. தெர்மல் எக்ஸ்பான்ஷன் பரீட்சையில் நான் நல்ல மார்க் வாங்கிய பாடம்தான்! அப்புறம் ரப்பர் போல வளைந்து கொடுக்கும் சிலிக்கானுக்கு மாறினோம். ரேடியேட்டருக்குக் காற்று போகிற வழியையும், விளக்குகளையும், நம்பர் பிளேட்டையும் மட்டும் மூடவில்லை.

"காயலான் கடையில் போட்டிருந்தா நாலு காசு வந்திருக்குமே" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். அவர் வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "முப்பது வருஷம் அடுத்தவன் போட்ட டிராயிங்கைப் பார்த்து வெல்டு வச்சேன். இதுக்கு டிராயிங் கிடையாது."

டிராயிங் போட்டுக் கொடுக்கிற வேலையில் இருக்கிற எனக்குச் சுருக்கென்றது. படித்து முடித்த பிறகு என் கையால் முழுசாகச் செய்த பொருள் என்று ஒன்றுகூட இல்லை.

2018 ஏப்ரல் ஊர்வலத்தில் அந்த மீன் வாலை ஆட்டிக் கொண்டு போனது. நான் தொட்டியில் உட்கார்ந்து கையசைத்தேன். நான் ஒட்டிய செதில்களில் மூன்று அன்றைக்கும் விழுந்தன.

இவ்வண்டிகளுக்காக 1998ல் ஹூஸ்டனில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். தாஜ் மஹாலை நினைவூட்டும்படி 'கராஜ் மஹால்' என்பது அதன் செல்லப் பெயர். 2024ல் அது மூடப்பட்டது. ஆனாலும் இந்த வழக்கம் நிற்கவில்லை. இது கண்ணாடிக்குள் பிறந்தது அல்லவே, வீட்டு வாசலில் பிறந்தது.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் ஊர்வலம் நடந்த அதே 1988ல் நம் நாட்டில் வந்த மோட்டார் வாகனச் சட்டத்தில் பிரிவு 52 என்று ஒன்று உண்டு. வண்டியின் அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்ற அது விடாது. ஆகவே அப்பாவின் ஸ்கூட்டரில் கை வைக்காதீர்கள். ஓட்டை சைக்கிளில் ஆரம்பியுங்கள்.

பழைய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் கை கொப்புளிக்க ஃபைலிங் செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? எல்லோருக்கும் ஒரே டிராயிங், ஒரே சதுரம். சந்திப்பு நாளன்று சாப்பாடு முடிந்ததும் அந்த ஷெட் பக்கம் ஒரு நடை போய் வருவோம். இந்தத் தடவை டிராயிங் வேண்டாம்.