செரிசின் மீட்பு

பட்டு நூலைச் சாயமிடுமுன் கொதிக்க வைக்கும்போது வெளியேறும் கழிவுநீரிலிருந்து, செரிசின் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்துப் பயன்படுத்தும் முறை. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணி, பெரணமல்லூர் முதலிய ஊர்களில் நெய்யப்படும் பட்டுக்கான கச்சா நூலில், இழையாக அமையும் ஃபைப்ரோயின் 70 முதல் 80 விழுக்காடும், அவ்விழைகளை ஒட்டவைக்கும் பசையான செரிசின் 20 முதல் 30 விழுக்காடும் இருப்பதால், சவர்க்காரமும் சலவைச் சோடாவும் கலந்த வெந்நீரில் பசை நீக்கப்படும்போது ஒரு கிலோ நூலுக்கு ஏறத்தாழ கால் கிலோ புரதம் நீரில் கரைந்துபோகிறது. வடிகாலில் விடப்பட்டால் இப்புரதம் அழுகி, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குறைத்து நிலத்தையும் நீர்நிலையையும் கெடுக்கும். ஆயினும் ஈரப்பதத்தைத் தக்கவைக்கும் இயல்புடைய இதுவே அழகுப் பொருள்களிலும், காயங்களுக்கான கட்டுத்துணி ஆய்வுகளிலும் பயன்படும் மதிப்புள்ள பொருளாகும்.

நுண்துளைச் சவ்வுகளால் வடிகட்டியோ எத்தனால் சேர்த்து வீழ்படிவாக்கியோ செரிசினைப் பிரிக்கலாம். சவர்க்காரக் கலப்பு இப்பணியைக் கடினமாக்குவதோடு, காரமும் புரதச் சங்கிலியைச் சிதைப்பதால், அழுத்தத்துடன் கூடிய வெந்நீரால் மட்டும் பசை நீக்குவதே தூய செரிசினைத் தரும். சிறு சாயப்பட்டறைகள் தனித்தனியே இதற்கான கருவிகளை நிறுவுவது அரிது என்பதால், நெசவூர்களுக்குப் பொது மீட்பு நிலையமே பொருத்தமானது.