விக்கிப்பீடியாவில் சண்டை வந்தால் யாரிடம் போவது?

விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரையைத் திருத்துறீங்க. இன்னொருவர் உடனே அதை நீக்குகிறார். மறுபடியும் திருத்தம், மறுபடியும் நீக்கம். யாரிடம் முறையிடுவது?

ஆங்கில விக்கிப்பீடியாவில் கடைசிப் படி, நடுவர் குழு. 2004இலிருந்து செயல்படுகிறது. 15 இடங்கள்; பங்களிப்பாளர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சம்பளம்? ஒரு காசு கிடையாது. எல்லாரும் தொண்டூழியர்கள்.

எந்தத் தகவல் சரி என்று அவர்கள் சொல்வதில்லை. யார் எப்படி நடந்துகொண்டார் என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். அதற்கே பழைய திருத்தங்களை ஒவ்வொன்றாகத் தோண்டணும். கூடவே, வெளியில் சொல்ல முடியாத புகார்கள் மின்னஞ்சலில் வரும். வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினாக இருந்தவர்களுக்கு இந்தத் தலைவலி கொஞ்சம் புரியும்!

சுமையைக் குறைக்க என்ன செய்கிறார்கள்?

பக்கங்களை ஒழுங்குபடுத்த உதவியாளர்கள் இருக்கிறார்கள். விசாரணை வேண்டும் என்று கேட்பவர் 500 சொற்களுக்குள் சொல்லி முடிக்கணும்.

முக்கியமான மாற்றம் வேறு. அமெரிக்க அரசியல், இஸ்ரேல்-அரபு பூசல் போன்ற சர்ச்சைக்குரிய தலைப்புகளில், புது விசாரணை இல்லாமலேயே நிர்வாகிகள் தடை விதிக்கலாம்.

ஆனால் நிர்வாகிகளும் தொண்டூழியர்கள்தானே? சுமை குறைந்ததா, கைமாறியதா என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தத் தடையை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். அது சில நேரம் திரும்பவும் நடுவர் குழுவிடமே வந்து நிற்கும்.