பூட்டின் கதை – 9: 200 கினி சவால்

லண்டன் பிக்காடிலி, 124ஆம் எண் கடை. அதன் கண்ணாடிச் சன்னலில் ஒரு பூட்டு பல பத்தாண்டுகளாகக் காட்சிக்கு இருந்தது. கருவி செய்து அதைத் திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று கூடவே ஓர் அறிவிப்பு. அந்தக் காலத்தில் அது 210 பவுன். பரிசைக் கேட்டு வாங்க ஒருவராலும் முடியவில்லை.

பூட்டுக்குச் சொந்தக்காரர் ஜோசஃப் பிரமா. 1784இல் காப்புரிமை பெற்ற அவருடைய பூட்டின் சாவி சிறு குழாய் வடிவம் கொண்டது. அதன் முனையில் ஆழம் மாறி மாறிக் காடிகள் வெட்டப்பட்டிருக்கும். பூட்டுக்குள் உருளையைச் சுற்றி வரிசையாக இரும்புத் தகடுகள். சவால் பூட்டில் மட்டும் 18 தகடுகள். சாவி ஒவ்வொன்றையும் அதனதன் ஆழத்துக்குத் தள்ளினால்தான் உருளை சுழலும். ஒன்று பிசகினாலும் அசையாது.

பிரமா 1814இல் காலமானார். 1851இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது, அமெரிக்காவின் டே அண்ட் நியூவெல் நிறுவனத்தின் பூட்டுகளைக் காட்ட வந்தார் ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ். முதலில் அவர் கைவைத்தது சப் நிறுவனத்தின் பூட்டில். கள்ளச்சாவி போட்டால் இறுகிக்கொண்டு, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும் பூட்டு அது. சாட்சிகள் பார்த்திருக்க, 25 நிமிடத்தில் திறந்தார்.

அடுத்து பிரமாவின் பூட்டு. 16 நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதையும் திறந்தார். கருவிகளைப் பூட்டிலேயே பொருத்திவைத்துத் திறந்தது முறையா என்று பிரமா நிறுவனத்தார் வாதாடினார்கள். நடுவர்கள் ஹாப்ஸ் பக்கம் நின்றார்கள். 200 கினி அவருக்குப் போனது.

ஹாப்ஸைப் போன்றவர்களுக்குக் கைகொடுப்பது கடைசலில் உள்ள சிறு பிசகு. எவ்வளவு திறமையான கொல்லர் செய்தாலும் பூட்டின் உறுப்புகள் எல்லாம் மயிரிழை வேறுபாடின்றி அமைவதில்லை. உருளையை லேசாகத் திருகிப் பிடித்தால் எல்லாத் தகடும் ஒரே நேரத்தில் சிக்காது. ஏதோ ஒன்று முதலில் சிக்கும். அதை நகர்த்திச் சரியான இடத்தில் நிறுத்தினால், அடுத்தது சிக்கும். இப்படி ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டே போகலாம்.

ஹாப்ஸ் விற்க வந்த டே அண்ட் நியூவெல் பூட்டும் தப்பவில்லை. அமெரிக்காவில் அதைத் திறந்து காட்டியவர் லைனஸ் யேல் ஜூனியர். 1861இலும் 1865இலும் அவர் காப்புரிமை பெற்ற உருளைப் பூட்டின் வழித்தோன்றல்தான் இன்று நம் கதவுகளில் இருப்பது. அதில் ஒவ்வொரு துளையிலும் இரண்டு முளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கின்றன. மேலே ஸ்பிரிங் அழுத்துகிறது. சாவியின் வெட்டுகள் கீழ்முளைகளை உயர்த்தும்போது, இரண்டு முளைகளும் சந்திக்கும் இடம் உள்உருளையின் விளிம்போடு ஒன்றினால் உருளை திரும்பும். மலிவாகச் செய்யலாம், சாவியும் சட்டைப்பையில் அடங்கும். ஆனால் ஹாப்ஸ் கண்ட ஓட்டை அப்படியே இருக்கிறது. முளைக்குத் தேவை சரியான உயரம் ஒன்றுதான். வளைந்த கம்பியும் பொறுமையும் இருந்தால் அதைத் தேடிப் பிடித்துவிடலாம்.

உயர்பாதுகாப்புப் பூட்டுகள் இங்கேதான் வேறுபடுகின்றன. 1968இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் தொடங்கிய மெடெகோ நிறுவனம் சாவியின் வெட்டுகளைச் சாய்வாக வெட்டியது. முளை உயர்ந்தால் போதாது, குறிப்பிட்ட கோணத்துக்குத் திரும்பவும் வேண்டும். எல்லா முளையும் சரியாகத் திரும்பினால்தான் பக்கவாட்டில் உள்ள பூட்டுத்தண்டு அவற்றின் பள்ளங்களுக்குள் இறங்கி உருளைக்கு வழிவிடும். ஆக, ஒரே நேரத்தில் இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டும்.

பின்லாந்து அதற்கு வெகுமுன்பே வேறு வழி கண்டிருந்தது. 1907இல் எமில் ஹென்ரிக்சன் உருவாக்கிய ஆப்லாய் பூட்டில் முளையும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. வரிசையாக வட்டத் தகடுகள் மட்டுமே. சாவி ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய கோணத்துக்குச் சுழற்ற, ஓரத்துப் பள்ளங்கள் ஒரே கோட்டில் சேர்கின்றன. தண்டு அதில் விழுகிறது. ஸ்பிரிங் இல்லாததால் உறைபனியிலும் இந்தப் பூட்டு மக்கர் செய்வதில்லை.

துளைபோடும் கருவிக்கு எதிராக, இத்தகைய பூட்டுகளில் கடினமாக்கிய எஃகுத் துண்டுகளைப் பதிக்கிறார்கள். வெட்டாத சாவிக்குக் காப்புரிமை பெற்று, அங்கீகாரம் பெற்ற கடைகளில் மட்டுமே மாற்றுச் சாவி கிடைக்கும்படி செய்கிறார்கள். சாவியை அரைமணி நேரம் இரவல் வாங்கி நகலெடுக்கும் திருட்டுக்கு இது பெரிய தடை.

ஆனாலும் இந்தப் பூட்டுகளுக்கான அமெரிக்கத் தர விதியான யூஎல் 437, திறக்கவே முடியாத பூட்டைக் கேட்கவில்லை. தேர்ந்த கைகள் கம்பி போட்டு முயன்றால் 10 நிமிடம் தாங்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. பிரமாவின் பூட்டு 51 மணி நேரம் தாங்கியதை நினைத்தால் அதைத் தோல்வி என்று சொல்ல மனம் வரவில்லை. பூட்டு தருவது நேரம். அந்த நேரத்துக்குள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற அச்சமே திருடனை விரட்டுகிறது. ஆகவே, கடைக்காரர் திறக்கவே முடியாத பூட்டு என்று சொன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை நிமிடம் தாங்கும்? மாற்றுச் சாவியை யாரெல்லாம் வெட்டித் தர முடியும்?

(தொடரும்)