இணைப்புநிலை நெறிமுறைகளும் ஊடக வேறுபாடும்: திரியாயிலிருந்து ஒரு நோக்கு

திரியாய்க் குன்றிலுள்ள கல்வெட்டு கி.பி. 7–8 ஆம் நூற்றாண்டுக்குரியதெனக் கருதப்படுகின்றது. வடமொழியில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் அமைந்த அது, கடலோடுதலில் வல்ல வணிகர் கூட்டத்தினரைக் குறிப்பிடுகின்றது. திருகோணமலையிலிருந்து தரைவழி வருவோர் குச்சவெளியைக் கடந்தே திரியாயை அடைவர். கடலிலோ எத்துறையிலிருந்தும் எத்துறைக்கும் நேரே செல்லலாம். ஊடகம் மாறின் வழியறிவின் அமைப்பும் மாறும். கணினி வலையமைப்புகளின் வரலாறும் இதனையே காட்டுகின்றது.

1969 இல் தொடங்கிய ஆர்ப்பாநெற் வலையமைப்பில், ஒவ்வொரு கணுவும் அயற்கணு கூறிய தொலைவை நம்பியே வழியைத் தெரிந்தது. 1979 இல் இம்முறை கைவிடப்பட்டது. ஒவ்வொரு கணுவும் தன் இணைப்புகளின் நிலையை அனைத்துக்கும் அறிவிக்க, ஒவ்வொன்றும் முழு வரைபடத்தையும் தானே கணிக்கலாயிற்று. இதுவே இணைப்புநிலை முறை. அன்றைய இணைப்புகள் பெரும்பாலும் இருமுனைக் கம்பிகள்; தரைப்பாதை போன்றவை.

ஈதர்நெற் பரவியபோது கடலையொத்த பொது ஊடகம் தோன்றியது. அதிற் பத்து வழிப்படுத்திகள் இருப்பின், ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றோடும் உறவுகொள்ள 45 உறவுகள் வேண்டும். 1989 இல் ஜோன் மோய் எழுதி வெளியிட்ட ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறை, ஒரு பிரதிநிதியையும் ஒரு துணைப் பிரதிநிதியையும் தெரிவு செய்தது. ஏனையவை அவ்விரண்டோடு மட்டும் உறவுகொண்டன. உறவுகள் 17 ஆகக் குறைந்தன. இருமுனை இணைப்பில் இத்தெரிவுக்குத் தேவையில்லை.

சிக்கல் மூன்றாவது வகையில் எழுந்தது. எக்ஸ்.25, பிரேம் றிலே ஆகியவற்றிற் பலர் ஒரே வலையில் இணைந்திருப்பினும், அனைவருக்கும் ஒருசேர அறிவிக்கும் வசதி இல்லை. பெரும்பாலும் மையத்துக்கு மட்டுமே எல்லாக் கிளைகளோடும் நேரடித் தொடர்பு உண்டு. கிளையொன்று பிரதிநிதியாகிவிடின், ஏனைய கிளைகள் அதனை அடைய இயலாது, வரைபடம் சிதையும். ஆகவே கிளைகளின் முன்னுரிமையைச் சுழியமாக்கி மையத்தையே பிரதிநிதியாக்கினர். அன்றேல் வலையை இருமுனை இணைப்புகளின் தொகுதியாகக் கொண்டு தெரிவையே நீக்கினர்.

இவ்வமைப்பு நமக்குப் புதிதன்று. பிரித்தானியர் காலத்துப் புகையிரதப் பாதையில், திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணம் செல்வோர் இன்றும் மாகோச் சந்திவரை தென்மேற்காகச் சென்றே வடக்கு நோக்கித் திரும்ப வேண்டியுள்ளது. ஒரே வலையில் இருத்தல் வேறு. ஒருவரையொருவர் அடைதல் வேறு. சமமற்ற ஊடகத்தைச் சமமானதெனக் கொள்ளும் எவ்விதியும், அது பொறிக்காயினும் சமூகத்துக்காயினும், கிளைகளையே முதலில் துண்டிக்கின்றது. எனவே விதியை வகுக்குமுன் ஊடகத்தின் உண்மை நிலையை ஆராய்தல் வேண்டும் என்பதே எமது முடிவு.