மரத்திலிருந்து நுரைக்கு: அலைச்சறுக்குப் பலகையின் உறுதியும் ஓட்ட உணர்வும்

அலைச்சறுக்குப் பலகையின் மேல் விழும் சுமைகள் ஒரே வகையானவை அல்ல. நிற்பவரின் குதிகால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறது. மடிந்து உடையும் அலை நடுப்பகுதியில் விழுந்து பலகையை வளைக்கிறது. வெயிலும் உப்புநீரும் மேலுறையை மெல்லக் கெடுக்கின்றன. பாறையில் மோதினால் விளிம்பு நொறுங்குகிறது. இவற்றையெல்லாம் தாங்கும் பலகையைச் செய்வது பெரிய காரியமன்று. அப்படிச் செய்த பலகை ஓட்டுபவரின் காலுக்குப் பிடிப்பதில்லை என்பதுதான் சிக்கல். அதனால் இப்பலகையின் கட்டுமானப் பொருள்களுடைய வரலாற்றை, உறுதி படிப்படியாகக் கூடிவந்த கதையாகப் படிக்க முடியாது. முக்கியமான திருப்பங்கள் பலவற்றில் உறுதியை விட்டுக்கொடுத்தே எடைக்குறைவும் இழைப்பதற்கான எளிமையும் பெறப்பட்டன.

ஹவாய் மரங்கள்

1779-இல் கேப்டன் குக்கின் கப்பல்கள் ஹவாயின் கேயலகேகுவா வளைகுடாவில் நின்றபோது, அங்குள்ளோர் பலகைகளைக் கொண்டு அலையேறியதை லெப்டினன்ட் ஜேம்ஸ் கிங் எழுதிவைத்தார். ஹவாயில் எந்தப் பலகைக்கு எந்த மரம் என்பதில் தெளிவான வழக்கம் இருந்தது. கோவா, அக்கேசியா பேரினத்தைச் சேர்ந்த கனமான கடின மரம். உலு என்பது ஈரப்பலா. விலிவிலி மிக லேசானது. தமிழகத் தோட்டங்களில் வேலிக்கும் கொடிக்காலுக்கும் நடப்படும் கல்யாண முருங்கையும் இதுவும் ஒரே பேரினம்.

பொதுமக்களின் அலாயாப் பலகை கோவாவிலோ ஈரப்பலாவிலோ மெல்லியதாகச் செதுக்கப்பட்டது. தலைவர்களுக்குரிய ஓலோ மிக நீளமானது, தடித்தது. அதற்கு விலிவிலி உகந்ததாகக் கருதப்பட்டது. ஹொனலுலுவின் பிஷப் அருங்காட்சியகத்தில் உள்ள, தலைவர் அப்னர் பாகிக்குரிய பலகைகள் 70 கிலோவை ஒட்டிய எடை கொண்டவை. கல்வாய்ச்சியால் செதுக்கி, பவளக்கல்லால் தேய்த்து, குகுய்க் கொட்டை எண்ணெய் பூசினார்கள். ஓட்டி முடித்ததும் பலகையை உலர்த்தி, மீண்டும் எண்ணெயிட்டு, மரப்பட்டைத் துணியில் சுற்றி வைப்பது வழக்கம். நீர் உட்புகுவதும், இழையோட்டத்தை ஒட்டி முனைகள் பிளப்பதும்தான் திடமரத்தின் இரு பெரும் எதிரிகள். இந்தப் பராமரிப்பு இரண்டையும் குறிவைத்தது. அந்தப் பலகைகள் 19-ஆம் நூற்றாண்டைத் தாண்டி இன்றும் இருப்பதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

ஓட்ட உணர்வு வேறு. அலாயா ஓட்டுபவரை மிதக்கவைக்கும் அளவுக்குப் பருமன் அற்றது. அடியில் செட்டையும் கிடையாது. வேகம் எடுத்தபின் நீர்ப்பரப்பில் தட்டையாக வழுக்கும். விளிம்பை அழுத்தினால்தான் பிடிப்பு கிடைக்கும். ஓலோ அதற்கு நேரெதிர்: உடையாத அலையையும் முன்கூட்டியே பிடிக்கும், பிடித்தபின் திரும்பாது.

ரெட்வுட்டும் உள்ளீடற்ற பலகையும்

1885-இல் கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்த மூன்று ஹவாய் இளவரசர்கள், உள்ளூர் ரெட்வுட் மரத்தில் பலகை அறுப்பித்து சான்டா குரூஸ் நகரில் சான் லோரென்சோ ஆற்றின் முகத்துவாரத்தில் அலையேறினர். ரெட்வுட் எளிதில் உளுக்காது, நேரான இழையோட்டம் கொண்டது, பெரிய அகலத்தில் கிடைக்கும். அடுத்த அரை நூற்றாண்டுக்கு அமெரிக்கப் பலகைகளின் முதன்மை மரம் அதுவே. டியூக் கஹானமோகு 1914–15 கோடையில் சிட்னியின் பிரெஷ்வாட்டர் கடற்கரையில் ஓட்டிக்காட்டிய பலகையை உள்ளூரில் கிடைத்த சுகர் பைன் மரத்தில் தாமே செய்தார். அங்குள்ள கடல் மீட்புச் சங்கத்தில் அது இன்றும் உள்ளது. நூறாண்டைக் கடந்த பலகைகள் என்று காட்டப்படுபவை பெரும்பாலும் இத்தகைய திடமரப் பலகைகளே.

விலை, எடையாகக் கொடுக்கப்பட்டது. ரெட்வுட் பலகைகள் 35 முதல் 45 கிலோ வரை இருந்தன. கரையிலிருந்து தூக்கிச் செல்வதே உழைப்பு; நீரில் கைநழுவினால் அடுத்தவருக்கு ஆபத்து. செங்குத்தான அலையில் அகன்ற வால்பகுதி பக்கவாட்டில் சறுக்கிவிடும். 1937-இல் ஹொனலுலுவில் ஜான் கெல்லியும் அவர் நண்பர்களும் வால்பகுதியைக் கோடரியால் குறுக்கிச் செதுக்கி இதற்கு வழி கண்டார்கள். பொருளின் குறையை வடிவத்தால் சரிக்கட்டும் இந்தப் போக்கு பின்னரும் பலமுறை தலைகாட்டும்.

கட்டுமானத்தையே மாற்றிய முதல் ஆள் டாம் பிளேக். பிஷப் அருங்காட்சியகத்துப் பழைய பலகைகளைச் சீர்செய்த அனுபவத்தோடு, 1926-இல் ஒரு ரெட்வுட் பலகையில் நூற்றுக்கணக்கான துளைகளிட்டு, மேலும் கீழும் மெல்லிய மரத்தகட்டால் மூடினார். பின்னர் குறுக்குச் சட்டங்களின் மேல் மரத்தகடு போர்த்திய முழு உள்ளீடற்ற கட்டுமானத்துக்கு வந்து, 1932-இல் காப்புரிமை பெற்றார். எடை பெருமளவு குறைந்தது. கையால் துடுப்பிட்டுச் செல்வதில் இதற்கு இணை இல்லாததால் கடல் மீட்புப் படைகள் உடனே ஏற்றுக்கொண்டன. ஆனால் ஒட்டுகள் கசிந்தன. உள்ளே தேங்கும் நீரை வெளியேற்ற ஒவ்வொரு பலகையிலும் அடைப்பான் தேவைப்பட்டது. பாதி நீர் நிறைந்த பலகை அலைமேல் ஒரு பக்கம் சாய்ந்து ஓட்டுபவரைக் கவிழ்த்துவிடும். 1935-இல் பிளேக் அடியில் பொருத்திப் பார்த்த செட்டை, அவருடைய உள்ளீடற்ற பலகையைவிட நீண்ட காலம் நிலைத்தது.

பால்சாவும் கண்ணாடியிழையும்

ஈக்வடாரிலிருந்து வந்த பால்சா மரத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 100 முதல் 200 கிலோ. ரெட்வுட் ஏறத்தாழ 400. 1930-களிலேயே பால்சாவை நடுவிலும் ரெட்வுட்டை விளிம்பிலும் ஒட்டிய கலப்புப் பலகைகள் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தயாராயின. முழுப் பால்சா எடுபடவில்லை. நகம் பட்டாலே பள்ளம் விழும் மரம் அது. வார்னிஷ் பூச்சில் சிறு விரிசல் கண்டாலும் நீரை உறிஞ்சும்.

இரண்டாம் உலகப்போரில் ரேடார் கூண்டுகளுக்கும் விமானப் பாகங்களுக்கும் பயன்பட்ட கண்ணாடியிழைத் துணியும் பாலிஸ்டர் ரெசினும் போர் முடிந்ததும் சந்தைக்கு வந்தன. 1946-இல் பீட் பீட்டர்சன் கண்ணாடியிழையில் ஒரு பலகை செய்தார். கால்டெக்கில் படித்த பாப் சிமன்ஸ் அதே ஆண்டுகளில் பால்சாவின் மேல் இழைத்துணி போர்த்தத் தொடங்கினார். ஜோ குவிக், மேட் கிவ்லின் ஆகியோர் மாலிபு அலைகளுக்காகச் செய்த பால்சாப் பலகைகள் 12 கிலோ சுற்றிலேயே இருந்தன.

இந்த வரலாற்றின் மிகப் பெரிய மாற்றம் இந்தக் கண்ணாடியிழை உறைதான் என்று கொள்ள இடமுண்டு. அதன்பின் வந்த நுரை இதன் தொடர்ச்சியே. திடமரப் பலகையில் மரம் முழுவதும் சுமை தாங்குகிறது. உறையிட்ட பலகையில் வளைவுச் சுமையின் பெரும்பங்கை ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய மேலுறையும் கீழுறையும் ஏற்கின்றன. உள்ளிருக்கும் பொருளின் வேலை அவ்விரண்டையும் இடைவெளி மாறாமல் பிடித்துவைப்பது. எனவே உள்ளே எவ்வளவு லேசான பொருளும் போதும் என்றாயிற்று. இதே கண்ணாடியிழையும் ரெசினும்தான் சில பத்தாண்டுகளுக்குப் பின் தமிழகக் கடற்கரையில் கட்டுமரங்களின் இடத்தைப் பைபர் படகுகளுக்குப் பெற்றுத் தந்தன. அங்கே வென்றது உறுதி. அலைச்சறுக்கில் வென்றது எடைக்குறைவு.

சிமன்ஸ் இன்னும் ஒரு படி போனார். 1949 வாக்கில் பாலிஸ்டைரீன் நுரையை, அதாவது தெர்மோகோலின் இனத்ததை, உள்ளே வைத்தார். பாலிஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் அந்த நுரையைக் கரைத்துவிடும். அதைத் தடுக்க நுரைக்கும் ரெசினுக்கும் இடையே ஒட்டுப்பலகையை வைத்து, விளிம்புகளில் பால்சாவை ஒட்டினார். வேலை மிகுந்த முறை அது. 1954-இல் சிமன்ஸ் வின்டன்சீயில் அலையேறும்போது இறந்தார். லேசான நுரை, கெட்டியான இடைத்தகடு, இழையுறை என்ற அவருடைய அடுக்குமுறை வணிக அளவில் திரும்பி வர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

பாலியூரிதேன் வைத்த அளவுகோல்

1956-இல் டேவ் ஸ்வீட் பாலியூரிதேன் நுரைப் பலகைகளைச் செய்தார். 1958-இல் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் லகுனா கேன்யனில் அந்நுரையை அச்சில் வார்க்கும் முறையைச் செம்மைப்படுத்தினர். அடுத்த ஆண்டு ‘கிட்ஜெட்’ திரைப்படம் வந்து, கலிபோர்னிய இளைஞர் கூட்டமே கடலுக்கு இறங்கியது. பால்சாக் கட்டைகளைத் தேர்ந்தெடுத்து ஒட்டி இழைத்துக்கொண்டிருந்தால் அந்தத் தேவையை ஈடுகட்டியிருக்க முடியாது. 1961-இல் கிளார்க் தனி நிறுவனம் தொடங்கினார்.

பாலியூரிதேன் நுரையின் வெற்றிக்குக் காரணம் வலிமையன்று. கனமீட்டருக்கு 40 முதல் 50 கிலோ அடர்த்தி. இழைப்புளிக்கும் உப்புத்தாளுக்கும் சீராக வழிவிடும் நுண்ணறை அமைப்பு. மலிவான பாலிஸ்டர் ரெசினைக் கரையாமல் ஏற்கும் தன்மை. இந்த மூன்றாவது குணமே தீர்மானித்தது எனலாம். நடுவே செங்குத்தாக ஒட்டிய மெல்லிய மரச்சட்டம் வளைவை மட்டுப்படுத்தியது. அச்சில் வார்த்த நுரைக்கட்டையின் மேற்பரப்பு கெட்டியாகவும் உட்புறம் மென்மையாகவும் இருக்கும். ஆகவே கைதேர்ந்தவர்கள் மேற்பக்கத்தை முடிந்தவரை குறைவாகவே இழைப்பார்கள்; ஆழமாக இழைத்தால் குதிகால் பள்ளங்கள் சீக்கிரம் தோன்றும்.

1960-களின் நீளப் பலகைகளுக்குத் தடித்த துணி பல அடுக்காகப் போர்த்தப்பட்டது. பிறகு இரண்டு மாற்றங்கள் அந்தத் தடிப்பைக் கரைத்தன. ஒன்று, 1967–68-இல் ஆஸ்திரேலியாவில் பாப் மெக்டாவிஷ் முதலானோர் பலகையின் நீளத்தைக் குறைத்தது. சிறு பலகையில் ஒவ்வொரு நூறு கிராமும் காலுக்குத் தெரியும். மற்றொன்று 1970-களின் தொடக்கத்தில் வந்த கணுக்கால் கயிறு. அதுவரை கீழே விழுந்தவரின் பலகை பாறைவரை போய் மோதியது. கயிறு வந்தபின் அந்த மோதல்கள் குறைய, மெல்லிய உறைக்கும் துணிவு பிறந்தது. (ரப்பர் கயிறு சுண்டியடித்ததில், ஈர உடைத் தொழிலை நடத்திய ஜாக் ஓநீல் ஒரு கண்ணை இழந்தார்.) 1990-களின் போட்டிப் பலகைகள் இரண்டரைக் கிலோ சுற்றில், சதுர மீட்டருக்கு 135 கிராம் துணியில் மேலே இரண்டடுக்கும் கீழே ஓரடுக்குமாகப் போர்த்தப்பட்டன. போட்டியாளர் ஒருவர் ஓராண்டில் பல பலகைகளை முறித்துப்போடுவது வழக்கமாயிற்று.

முறிவு பெரும்பாலும் மேலுறையில் தொடங்குகிறது. அலை நடுவில் விழும்போது மேலுறை அமுக்கத்துக்கு உள்ளாகி நுரையைவிட்டு மடிகிறது. அது மடிந்தபின் சட்டமும் கீழுறையும் கணநேரமும் தாங்கா. திடீரென முறியாத பலகைக்கும் ஆயுள் குறைவே. கடினமான, நொறுங்கும் இயல்புள்ள பாலிஸ்டர் உறையில் நுண்விரிசல்கள் பெருகி, வளைந்து மீளும் துள்ளல் தளர்ந்துபோகும். அதைப் ‘பலகை செத்துவிட்டது’ என்பார்கள் ஓட்டுபவர்கள்.

ஆனால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் வால் அகலம், அடிவளைவு, விளிம்புப் பருமன், செட்டைகளின் கோணம் ஆகிய எல்லாமே இந்த நுரையையும் இந்த ரெசினையும் வைத்தே தேர்ந்து முடிவுசெய்யப்பட்டன. ‘நல்ல பலகை’ என்று காலுக்குப் பழகிப்போன எடையும் அதிர்வடக்கமும் வளைவும் பாலியூரிதேனுடையவை. பின்வந்த பொருள் எதுவும் நடுநிலையான தேர்வை எழுதவில்லை; பாலியூரிதேனின் விடைத்தாளை வைத்தே அதற்கு மதிப்பெண் போடப்பட்டது.

எபாக்சியும் அடுக்குக் கட்டுமானமும்

எபாக்சி ரெசின் பாலிஸ்டைரீனைக் கரைப்பதில்லை. கூடுதலாக நீண்டு கொடுக்கும், நுரையை இறுகப் பற்றும். 1980-களில் கிரெக் லோயர், கிளைட் பீட்டி ஜூனியர் ஆகியோர் தெர்மோகோல் நுரைமேல் எபாக்சி உறையிட்ட பலகைகளை முன்னெடுத்தனர். நுரையின் அடர்த்தி கனமீட்டருக்கு 16 முதல் 32 கிலோ மட்டுமே என்பதால், மிச்சமான எடையில் தடித்த உறை போட முடிந்தது. சம எடையில் ஒப்பிட்டால் இப்பலகை குதிகால் பள்ளத்தையும் முறிவையும் நன்கு தாங்கும். துள்ளலும் நீண்டநாள் நிற்கும்.

பலவீனம் வேறிடத்தில் உள்ளது. தெர்மோகோலின் மணிகளுக்கிடையே நுண்ணிய வழிகள் உண்டு. உறை ஓரிடத்தில் உடைந்தால், பாலியூரிதேனைவிட விரைவாக நீர் உள்ளே பரவும்; உடனே கரையேறி அடைக்க வேண்டும். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் உள்காற்று விரிந்து உறையைப் பெயர்க்கும். அதற்காகப் பல பலகைகளில் காற்றுத்துளை வைக்கிறார்கள். ஓட்டத்தில் இப்பலகை நீரின்மேல் உயர்ந்து மிதக்கிறது. வலுவற்ற சிறு அலையில் உடனே வேகம் தரும். காற்றடித்துச் சுருங்கிய பரப்பிலோ ஒவ்வொரு சிற்றலையும் காலுக்கு அதிர்வாக ஏறும். கனமான பாலியூரிதேன் அதே பரப்பை அறுத்துக்கொண்டு போகும்.

சான்டா குரூஸைச் சேர்ந்த ராண்டி பிரெஞ்சின் சர்ப்டெக் நிறுவனம், காற்றுப்பாய்ப் பலகைத் தொழிலின் அடுக்குமுறையை அலைச்சறுக்குக்குக் கொண்டுவந்தது. தெர்மோகோலின் மேல் அடர்ந்த பிவிசி நுரைத்தகட்டை வெற்றிட அழுத்தத்தில் ஒட்டி எபாக்சி உறையிட்ட இப்பலகைகள் தாய்லாந்தின் கோப்ரா ஆலையில் தயாராயின. உறுதியில் முந்தைய நுரைப் பலகை எதுவும் இவற்றை நெருங்கவில்லை. விறைப்பானவை, உயிரற்றவை என்ற பெயரும் சேர்ந்தே வந்தது. கற்றுக்கொள்பவர்களும் வாடகைக் கடைகளும் வாங்கினார்கள். தேர்ந்த ஓட்டுநர் பலர் தயங்கினார்கள்.

2005-க்குப் பின்

2005 டிசம்பர் 5 அன்று கோர்டன் கிளார்க் தமது தொழிற்சாலையை முன்னறிவிப்பின்றி மூடினார். பாலியூரிதேன் தயாரிப்பில் புழங்கும் டொலுயீன் டைஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் குறித்த ஒழுங்குமுறை நெருக்கடியை அவர் காரணமாகச் சொன்னார். அமெரிக்க நுரைக்கட்டைச் சந்தையின் மிகப் பெரும்பங்கு அவர் கையில் இருந்ததால், பலகை இழைப்பவர்கள் ஒரே நாளில் மூலப்பொருள் இன்றி நின்றார்கள். மாற்றுப் பொருள்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு அமைந்ததில்லை.

அதே காலத்தில் உருவான பயர்வயர் நிறுவனம் நடுச்சட்டத்தை எடுத்துவிட்டு, விளிம்புகளை ஒட்டி வளைந்து செல்லும் பால்சாப் பட்டைகளை வைத்தது. வளைவின் கட்டுப்பாடு நடுவிலிருந்து ஓரத்துக்கு மாறியதால், அடுக்குப் பலகையின் விறைப்பு குறைந்து மீள்துள்ளல் கூடியது. ஹேடன் ஷேப்ஸ் அதே இடத்தில் கரியிழைப் பட்டையைப் பதித்தது. கரியிழை விறைப்பு மிக்கது, ஆனால் அதிகம் நீளாது. முழுப் பலகையையும் அதனால் போர்த்தினால் கூர்மையான மோதலில் விரிசல் விடலாம். கறுப்பு நிறம் வெப்பத்தையும் ஈர்க்கும். அளவோடு பட்டைகளாக இடுவதே பரவலாயிற்று.

மரமும் முற்றிலும் மறையவில்லை. ஆஸ்திரேலியாவின் நூசாவில் டாம் வெக்னர் பாலோனியா மரத்தில் அலாயாவை மீண்டும் செய்யத் தொடங்கினார். அம்மரம் லேசானது, உப்புநீரை எளிதில் உறிஞ்சாது, எண்ணெய்ப் பூச்சே போதும். இன்னொரு கோடியில் பாலிஎதிலீன் தோல் ஒட்டிய மென்பலகைகள்: மோதினாலும் ஆளைக் காயப்படுத்தாதவை, பள்ளிகளின் முதல் தேர்வு. ஆனால் வெயிலில் தோல் உரிவதும், வளைந்தபடியே நின்றுவிடுவதும் அவற்றின் குறைகள்; வேகமான திருப்பத்துக்கு அவை வளைந்து கொடுப்பது அதிகம்.

கிளார்க் விட்டுச்சென்ற இடத்தைப் பிற பாலியூரிதேன் உற்பத்தியாளர்கள் சில ஆண்டுகளில் நிரப்பினர். உலகப் போட்டிகளில் இன்று சிறு அலைகளுக்கு எபாக்சிப் பலகைகள் எடுக்கப்படுகின்றன. அலை வலுக்கும் கடற்கரைகளில் பெரும்பாலோர் பாலிஸ்டர் உறையிட்ட பாலியூரிதேனையே, முறியக்கூடும் என்று தெரிந்து, ஒன்றுக்கு மேற்பட்டதாகக் கொண்டுவருகிறார்கள்.