அண்ணாமலை நகரில் வெளிநாட்டு மாணவர் மருத்துவம்: மருந்தகத்திலிருந்து காப்பீட்டுக்கு

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் உறைவிடப் பல்கலைக்கழகமாகத் தொடங்கியது. இலங்கையைச் சேர்ந்த தனிநாயகம் அடிகள் 1940-களில் இங்கே தமிழ் முதுகலை பயின்றார். இலங்கையும் பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்த அக்காலத்தில், கடல் கடந்து வந்த மாணவருக்கென்று தனி மருத்துவ ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை; தனிநபர் மருத்துவக் காப்பீடும் அன்று நாட்டில் பரவியிருக்கவில்லை.

1950-இல் மௌலானா ஆசாத் நிறுவிய இந்தியப் பண்பாட்டு உறவுகள் கழகம் உதவித்தொகையோடு வெளிநாட்டு மாணவரை அழைத்துவரத் தொடங்கியபின், அவர்களின் மருத்துவத்துக்கான பொறுப்பு எழுத்து வடிவம் பெற்றது. கல்வி நிறுவனத்தின் மருந்தகத்திலோ அருகிலுள்ள அரசு மருத்துவமனையிலோதான் மாணவர் சிகிச்சை பெற வேண்டும் என்பது அதன் நெடுநாள் விதி. மருந்தகம் நன்றாக இருந்த வளாகத்தில் மட்டுமே இவ்விதிக்குப் பொருள் உண்டு. அந்த வகையில் அண்ணாமலை நகர் பேறு பெற்றது: 1980-இல் பல் மருத்துவக் கல்லூரியும் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் வந்ததால், விடுதிக்கு அருகிலேயே பெரிய மருத்துவமனை அமைந்தது. மலேசிய மாணவர்கள் இங்கு மருத்துவம் படிக்க வந்தார்கள். காய்ச்சல் கண்டால் தாங்கள் பயிலும் மருத்துவமனையிலேயே படுத்துக்கொள்ளலாம்.

இதற்கிடையே வெளிநாடுகள் வேறு வழியில் சென்றன. ஜெர்மனி 1975-இல் மாணவர்களைச் சட்டபூர்வக் காப்பீட்டுக்குள் கொண்டுவந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 1994-இல் வெளிநாட்டு மாணவரைப் பொதுக் காப்பீட்டிலிருந்து நீக்கியது. பிரிட்டன் 2015-இல் விசாவோடு சுகாதாரக் கட்டணத்தைச் சேர்த்தது. மாணவருக்கு ஆண்டுக்கு 150 பவுண்டாக இருந்த அது 2024-இல் 776 பவுண்டானது. பண்ருட்டியிலிருந்தோ அண்ணாகிராமத்திலிருந்தோ லண்டனுக்குப் படிக்கப் போகிறவர், விமானம் ஏறுமுன்பே மருத்துவத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்.

தமிழகத்தில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் வந்தன. குடும்ப அட்டையும் வருமான வரம்பும் பின்னதன் அடிப்படை என்பதால் வெளிநாட்டு மாணவருக்கு இடமில்லை. முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்க்கு மட்டும் வருமான வரம்பின்றி இடமுண்டு. ஆக, ஒரே யாழ்ப்பாணத்து வேர் கொண்ட இருவரில் முகாமில் இருப்பவர் பயனாளி. மாணவர் விசாவில் வந்தவர் வெளியாள். வறுமையை அளவுகோலாகக் கொண்ட திட்டத்தில் இது முரண் அல்ல என்றாலும், மாணவரின் தேவை அதனால் மறைந்துவிடாது.

அந்த இடைவெளியைத் தனியார் பாலிசி நிரப்ப வேண்டியதாயிற்று. பண்பாட்டு உறவுகள் கழகமும் இப்போது குறைந்தது ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஆனால் வழக்கமான இந்தியப் பாலிசியில் விபத்து நீங்கலான நோய்களுக்கு முதல் 30 நாள் பணம் கிடையாது. முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு 36 மாதம் வரை நீளலாம். மூன்றாண்டுப் பட்டப்படிப்பே முடிந்துவிடும். பொதுவாக 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் செலவு திரும்பக் கிடைக்கும். வடகிழக்குப் பருவமழையில் டெங்கு சந்தேகத்தோடு வெளிநோயாளிப் பிரிவில் ரத்தத் தட்டணு எண்ணிக்கை பார்த்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் மாணவர், சோதனைச் செலவைத் தானே ஏற்க வேண்டும்.

இதற்கிடையே அண்ணாமலைப் பல்கலைக்கழக நிர்வாகம் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் கட்டுப்பாட்டுக்கு வந்தது. மருத்துவக் கல்லூரி 2021-இல் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. விடுதிக்கும் மருத்துவமனைக்கும் உள்ள தூரம் மாறவில்லை. இரண்டும் இன்று வெவ்வேறு துறைகளின் கீழ் இருக்கின்றன.